வாக்னர்கள் எல்லாரும் உறவினர்கள் இல்லை

குடும்ப வரலாற்றைத் தேடித் தருவது என் தொழில். வருகிறவர்களில் ஜெர்மன் வம்சாவளியினர் நிறைய. வாக்னர் என்ற குடும்பப் பெயரோடு வருகிறவர்களில் சிலர் சட்டம் போட்ட ஒரு படத்தையும் கொண்டுவருவார்கள். கேடயம், தலைக்கவசம், கீழே ‘வாக்னர் குடும்பச் சின்னம்’ என்று எழுத்து. இணையத்திலோ சுற்றுலாக் கடையிலோ காசு கொடுத்து வாங்கியது. இதை நம்பி இனி யாரும் பணத்தை விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஜெர்மன் மரபில் சின்னம் என்பது குறிப்பிட்ட ஒரு வம்சத்துக்கு உரியது. அந்தப் பெயர் வைத்திருக்கிற எல்லாருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது.

வாக்னர் என்றால் வண்டித் தச்சர். சக்கரத்துக்குக் குடம் கடைந்து, ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டுவது அவர் வேலை. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவது கொல்லர் வேலை. வண்டி இல்லாவிட்டால் அறுவடை வீடு வந்து சேராது. அதனால் இப்படி ஒரு தச்சர் பக்கத்து ஊரிலாவது கட்டாயம் இருப்பார். 12ஆம் நூற்றாண்டு தொடங்கி அடுத்த சில நூற்றாண்டுகளில் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றபோது, ஊரில் நாலு ஹான்ஸ் இருந்தால் வண்டி செய்கிற ஹான்ஸ் ‘ஹான்ஸ் வாக்னர்’ ஆனார். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத எத்தனையோ ஊர்களில் இது தனித்தனியாக நடந்தது. இன்று ஜெர்மனியில் மிகப் பரவலான பத்துக் குடும்பப் பெயர்களில் வாக்னரும் ஒன்று. பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கொண்டாடவே முடியாது.

ஆனாலும் பெயர் ஒரு துப்புக் கொடுக்கும். அதே தொழிலைச் செய்தவர் தெற்கிலும் நடுப்பகுதியிலும் வாக்னர், வடக்கே வேக்னர், வடமேற்கே ராடமாஹர், வடகிழக்கே ஷ்டெல்மாஹர், கொலோன் பக்கம் எஸ்ஸர். முன்னோர் பெயர் ராடமாஹர் என்றால் தெற்கே உள்ள பவேரியாவிலிருந்து தேட ஆரம்பிக்க வேண்டாம். அதைத் தாண்டிப் பெயர் எதுவும் சொல்லாது.

18ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பதிவேட்டைத் திறந்தால் புதியவர்கள் முதலில் தடுமாறுகிற இடங்கள் இரண்டு. ‘அன்னா மரியா வாக்னரின்’ என்று எழுதியிருக்கும். இது வேறு குடும்பம் இல்லை. பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேர்த்து எழுதுவது அன்றைய வழக்கம். அப்புறம் ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் ஆடம், யோஹான் பேட்டர் என்று மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். ஞானஸ்நானத்தில் எல்லாருக்கும் யோஹான், ஆனால் கூப்பிடுவது இரண்டாவது பெயரால். யோஹான் வாக்னர் என்று மட்டும் தேடினால் தவறான ஆளைத்தான் பிடிப்பீர்கள். தொழில் என்ற இடத்தில் நெசவாளர் என்றோ ரொட்டி சுடுபவர் என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். தொழில் கைவிட்டுப் போய்ப் பல தலைமுறை ஆன பிறகும் பெயர் தங்கிவிடும்.

இவர்கள் ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்? போர், நிலத் தட்டுப்பாடு, 1708-09இன் கொடுங்குளிர். 1709இல் ரைன் பகுதியிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த ஆண்டு நியூயார்க் பக்கம் குடியேறினார்கள். அதன் பிறகு ராட்டர்டாம் வழியாகப் பிலடெல்பியாவுக்குக் கப்பல் மேல் கப்பல். 1727 முதல் அங்கே இறங்கிய 16 வயதுக்கு மேற்பட்ட ஜெர்மன் ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் பட்டியலில் பெயர் காதில் விழுந்தபடி இருக்கும். பிரமாணப் பட்டியலில் எழுதத் தெரிந்தவர் தன் கையாலேயே போட்ட ஜெர்மன் கையெழுத்து இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னாளில் வாகனர் என்று திரிந்த குடும்பங்களுக்கு அந்தக் கையெழுத்துதான் உறுதியான பிடி. இங்கிலாந்திலும் வண்டியோட்டியைக் குறிக்கும் வாகனர் என்ற பெயர் உண்டு என்பதால் எல்லா வாகனர்களும் ஜெர்மானியர் இல்லை.

1763இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் வரிவிலக்கும் மத உரிமையும் தருவதாகச் சொல்லி வெளிநாட்டவரைக் குடியேற அழைத்தார். அப்படி வோல்கா நதிக் கரைக்குப் போன ஜெர்மானியர்களின் சந்ததி 1941இல் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டது. பிரேசிலில் 1824இல் சாவோ லியோபோல்டோ என்ற ஜெர்மானியர் குடியேற்றம் தொடங்கியது. அங்கே ஒரு சிக்கல்: வாக்னர் என்பது முதல் பெயராகவும் சகஜம். ஆகவே பிரேசில் வாக்னர்களில் பலருக்கு ஜெர்மன் முன்னோரே இருக்க மாட்டார்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருவோரைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையை அடிக்கடி கேட்கிறேன். அது நடந்ததில்லை. 1892இல் திறந்த அந்த நிலையத்தில், புறப்பட்ட இடத்திலேயே தயாரான கப்பல் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே, அதுவும் பின்னால், பள்ளியிலும் வேலையிடத்திலும். மாற்றாதவர்களும் உண்டு. அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் ராபர்ட் வாக்னர், 1877இல் ஜெர்மனியின் நாஸ்டேட்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்தவர், வாக்னராகவே இருந்தார்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கல்லறைக் கல், குடியுரிமை மனு, பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் தாள், எல்லாவற்றையும் பாருங்கள். ஹாம்பர்க் துறைமுகம் வழியாகப் போனவர் என்றால் 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியலில் கடைசியாக வசித்த ஊர் இருக்கும். பிரேமன் துறைமுகப் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஊர் தெரிந்ததும், தேடுகிற பிறப்போ திருமணமோ 1876க்குப் பிந்தையது என்றால் அந்த ஊரின் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளுக்கும் திருமணப் பதிவு 80 ஆண்டுகளுக்கும் பிறகு ஆவணக்காப்பகத்துக்கு மாறியிருக்கும். அதற்கு முந்தையதற்குத் தேவாலயப் பதிவேடுதான். கத்தோலிக்கப் பதிவேடுகள் பலவற்றை மாட்ரிகுலா தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்; புராட்டஸ்டண்டு பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன் என்ற தளம் கட்டணம் வாங்கும். கேடயப் படத்துக்குச் செலவழிக்கும் பணத்தை அந்தச் சந்தாவுக்குக் கட்டுங்கள்.