சொல் விளக்கம்: மண் நீர்மமாதல்

கடற்கரையில் அலை வந்து திரும்பும் ஈரமணலில் நின்று, ஒரே இடத்தில் காலால் தட்டிக்கொண்டே இருங்கள். கெட்டியாகக் கிடந்த மணல் சற்று நேரத்தில் தளதளக்கும், நீர் மேலே கசியும், கால் உள்ளே இறங்கும். இதையே நிலநடுக்கம் ஓர் ஊருக்குச் செய்தால் பொறியாளர்கள் ‘லிக்விஃபேக்‌ஷன்’ என்கிறார்கள்.

சொல் லத்தீன் வழி வந்தது. ‘லிக்வெரே’ என்றால் நீர்ப்பதமாக இருத்தல். ‘ஃபாகெரே’ என்றால் ஆக்குதல். மண்ணுக்கு இச்சொல்லை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன். 1918-இல் கலிபோர்னியாவில், கட்டிக்கொண்டிருக்கும்போதே கலவேரஸ் அணையின் மண்கரை சரிந்தது. அது பற்றி அவர் எழுதியது 1920-இல். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சரிவுக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பே இல்லை. நீரோடு கலந்து பாய்ச்சி நிரப்பிய மண்ணில் நீர் வடியாமல் தங்கியதுதான் வினை.

நடப்பது இதுதான். படியில் அரிசியைக் கொட்டிக் குலுக்கினால் மட்டம் இறங்கும் அல்லவா? நெகிழ்வாகக் கிடக்கும் மணலும் குலுங்கினால் நெருங்கி அமரப் பார்க்கும். ஆனால் இடுக்குகளில் நீர் நிறைந்திருக்கிறது. நொடிப்பொழுதில் அது எங்கே போகும்? மணல்மணிகள் தாங்கிய பாரம் நீரின் தலையில் ஏறுகிறது. மணியும் மணியும் பிடி விடுகின்றன. அவ்வளவுதான், நிலம் குழம்பு.

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இதை உலகம் பார்த்தது. ஷினானோ ஆற்றோரம், பழைய ஆற்றுமணலின் மேல் நின்ற நான்கு மாடிக் குடியிருப்புகள் சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய படுத்தேவிட்டது. சுவர்கள் பெரிதாக உடையவில்லை. கட்டடத்தில் குறையில்லை, காலடியில்தான் குறை. அப்புறம் புதைத்து வைத்த தொட்டிகள் மேலே மிதந்து வந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘திரவமாதல்’ புழக்கத்தில் இருக்கிறது. திரவம் வடசொல், ஓடுவது என்ற பொருளில் பிறந்தது. ‘நீர்மமாதல்’ அதற்கு நேரான தமிழ். ஆனால் ‘மண்’ என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. வாயுவைக் குளிரவைத்து நீர்மமாக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ‘உருகுதல்’ என்று சிலர் எழுதுவது தவறு. இங்கே வெப்பமும் இல்லை, மணி ஒன்றும் கரைவதுமில்லை. ‘புதைமணல்’ பக்கத்து வீட்டுக்காரன்: அங்கே கீழிருந்து ஊறி மேலேறும் நீர் மணலைத் தூக்கிப் பிடிக்கிறது, குலுக்கல் தேவையில்லை. பேச்சுக்கு ‘மண் குழம்பிப்போச்சு’ என்றாலே எனக்குப் போதும். அறிக்கைக்கு ‘மண் நீர்மமாதல்’.

மனை வாங்குபவர் கேட்க வேண்டியது மூன்று: மணல் நெகிழ்வா, நிலத்தடி நீர் எவ்வளவு மேலே, நிலநடுக்க மண்டலம் எது. மூன்றும் பாதகமாகக் கூடினால், மணலை அதிர்த்து இறுக்குவார்கள், நீர் சட்டென வெளியேறச் சரளைத்தூண் இறக்குவார்கள், அல்லது கெட்டிப் படிவம்வரை தூண் அடித்தளம் கொண்டுபோவார்கள். களிமண் மனைக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. கரிசலின் சிக்கல் வேறு. அது உப்பிச் சுருங்கும்.