நீர்மேல் எழுத்து நிலைக்கும் விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "புதுச்சேரியில் ஒரே கடையில் இரண்டு நோட்டுகள் வாங்கினேன். இரண்டின் அட்டையிலும் பளிங்குக் கல்லில் இருப்பது போல வண்ண ரேகைகள். ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. நடுவே வெள்ளைப் புள்ளி வேறு. இதை எப்படி அச்சடிக்கிறார்கள்?" அது மார்பிள் தாள். நேரில் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று அங்கே ஒரு கைக்காகிதப் பட்டறைக்குப் போனேன்.

கைக்காகிதம் அந்த ஊருக்குப் பழகிய தொழில். அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்சாலை தொடங்கியதே 1959இல். பருத்தித் துணிக் கழிவை நறுக்கி, நீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி, அழுத்திக் காயவைத்தால் தாள். அதுவரை பள்ளிப் பாடம்தான். என்னை மதியம்வரை நிறுத்தி வைத்தது, அடுத்த அறையில் இருந்த ஆழமில்லாத ஒரு தொட்டி.

அச்சுப்பலகையும் இல்லை, உருளையும் இல்லை. கஞ்சித் தெளிவு போலக் கொழகொழப்பான நீர் மட்டும். இந்தக் கொழகொழப்புக்கு உலகெங்கும் பெயர்பெற்ற பொருள், கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். அதைத் தரும் கப்பாபைகஸ் பாசியை ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். கடற்பாசிகளை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் ஒன்று இயங்குகிறது. இப்படிச் சத்தமில்லாமல் வேலை செய்யும் கடலோர ஆய்வகங்களிடம் ஆண்டுதோறும் லாபக் கணக்குக் கேட்காமல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது துளிக்கு வருவோம். தட்டில் நீர் ஊற்றிச் சூடத் துண்டை மிதக்கவிட்டால் அது தானாக ஓடுமே, நினைவிருக்கிறதா? நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணி போன்றது. சூடம் கரையும் பக்கம் அந்த இழுவிசை தளர்கிறது. இறுக்கமான பக்கம் துண்டை இழுத்துக்கொள்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மரங்கோனியின் பெயரால் இதை மரங்கோனி விளைவு என்கிறோம். தொட்டியில் விடும் வண்ணத்திலும் பரப்பு இழுவிசையைத் தளர்த்தும் திரவம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மாட்டின் பித்தநீர். முதலில் விட்ட நீலத் துளி விழுந்ததும் சுற்றியுள்ள பரப்பு அதை எல்லாத் திசையிலும் இழுக்க, துளி வட்டமாக விரிகிறது.

அந்த நீல வட்டத்தின் நடுவில் மஞ்சள் துளி விழுந்தது. நீலம் கலங்கவில்லை, ஒதுங்கி வளையமானது. மஞ்சளுக்குள் சிவப்பு விழ, இரண்டும் ஒதுங்கின. ஒவ்வொரு துளியும் 3 செ.மீ. ஆரத்துக்கு விரியும், பரப்பளவு குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துளிக்குப் பிறகு நீலத்தின் வெளி ஆரம் ஏறக்குறைய 4.2 செ.மீ., மூன்றாவதுக்குப் பிறகு 5.2. வெளியே போகப் போக வளையம் மெலிகிறது. உண்மையில் வண்ணம் சற்று நெருங்கி அடர்த்தியும் ஆகிறது. இதில் ஒரு நுட்பம்: பின்னால் வரும் வண்ணத்தில் அந்தத் திரவம் முந்தியதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். வரிசை மாறினால், வந்த துளிக்கு இடம் கிடைக்காமல் புள்ளியாகவே நின்றுவிடும். அந்த அளவைக் கண்ணாலேயே பிடிக்கிறார்கள்.

பிறகு ஆணிகள் வரிசையாக அடித்த சீப்பு ஒன்றை மெல்ல இழுத்தார்கள். வளையங்கள் மயிலிறகாயின. வெறும் நீரில் இழுத்திருந்தால் சுழல் எழுந்து எல்லாம் குழம்பியிருக்கும். கொழகொழப்பான நீரில் சுழல் பிறந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது. கோடுகள் நீள்கின்றனவே தவிரக் கலப்பதில்லை.

தாளில் முன்கூட்டியே படிகாரக் கரைசல் பூசியிருக்கிறார்கள். தாளின் பரப்பு, வண்ணத் துகள் இரண்டிலுமே இருப்பது எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம்; அதனால் ஒன்றையொன்று விலக்கும். நடுவே படிகாரத்திலுள்ள, நேர் (பாசிட்டிவ்) மின்னூட்டம் கொண்ட அலுமினிய அயனி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. தாளை ஒரு மூலையிலிருந்து சாய்த்துப் படுக்கவைத்து எடுத்ததும் கோலம் முழுவதும் தாளுக்கு வந்துவிடுகிறது. தொட்டியில் மிச்சமிருப்பதைச் செய்தித்தாள் துண்டால் வழித்துவிட்டு, அடுத்த தாளுக்குப் புதிதாகத் துளி விடுகிறார்கள். இரண்டு அட்டைகள் ஒன்றுபோல இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அந்த வெள்ளைப் புள்ளி, தாள் படுக்கும்போது அடியில் சிக்கிய காற்றுக் குமிழி. அந்த இடத்தில் தாள் நீரைத் தொடவே இல்லை.