ஆர்.ஓ. வாங்கும் முன் சம்ப்பைத் திறந்து பாருங்கள்

தண்ணீர் ஃபில்டர் விற்க வீட்டுக்கு வருபவர்கள் ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்களுடைய இயந்திரம் வடிகட்டிய தண்ணீர். உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, மேலே நுரை கட்டி, பார்க்கவே குமட்டும். பக்கத்து டம்ளர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தாங்க உங்க குழந்தைங்க குடிக்கிறாங்க" என்று அவர் சொல்லும்போது யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வந்தது. கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் அதன் வழியே மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாக, அதாவது துருவாக, தண்ணீரில் மிதக்கிறது. வடிகட்டிய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் ஓட வழியில்லை, அதனால் கம்பியும் கரைவதில்லை. சந்தேகம் இருந்தால் அந்தத் தெளிவான டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே கலங்கும். ரசத்துக்குப் போடுகிற அதே உப்புதான்.

எந்தத் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதைத் தவிர இந்தச் சோதனை வேறு எதையும் சொல்வதில்லை. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நம் வீடுகளில் நடக்கும் குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள் ஒரு பிரச்சினை, தண்ணீரில் வாழும் கிருமி வேறொரு பிரச்சினை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது நம் வீட்டுப் பிரச்சினை என்று பார்க்காமலே இயந்திரத்தைச் சுவரில் மாட்டிவிடுகிறோம்.

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை இப்போது பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அதுவும் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை அளந்து, அதிலிருந்து ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. அவற்றில் பெரும்பகுதி கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் என்று மண்ணும் பாறையும் கொடுத்தவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) 500 வரை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. மீட்டர் 150 காட்டும் தண்ணீரில் காலராக் கிருமி இருக்கலாம். 800 காட்டும் தண்ணீரில் ஒரு கிருமிகூட இல்லாமலும் இருக்கலாம். 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு மட்டும் 3 மில்லிகிராம் இருந்தால், அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவு. மீட்டர் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது.

சரி, குழாயில் வருவது என்ன? சென்னையை எடுத்துக்கொள்வோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள், ஆந்திராவிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர், கடலூர் மாவட்டத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வரும் வீராணம் ஏரித் தண்ணீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலிலிருந்து எடுக்கும் நீர் எல்லாம் சேர்ந்ததுதான் மெட்ரோ வாட்டர். ஏரித் தண்ணீரில் முதலில் படிகாரம் சேர்க்கிறார்கள். கலங்கலுக்குக் காரணமான நுண்ணிய மண் துகள்கள் எல்லாமே ஒரே வகையான எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அடியில் படியாமல் மிதக்கின்றன. படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் துகள்கள் ஒட்டிக் கனத்துப் படிகின்றன. ஆற்றுத் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசி வைத்தால் தண்ணீர் தெளிவதும் இந்த முறையில்தான். பிறகு மணல் படுகையில் வடிகட்டி, கடைசியாகக் குளோரின்.

குளோரின் தண்ணீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அது பாக்டீரியாவின் உறையைத் தாண்டி உள்ளே புகுந்து, அது உயிர்வாழத் தேவையான நொதிகளைச் சிதைக்கிறது. இதற்கு அரை மணி நேரமாவது ஆக வேண்டும். குளோரினின் பெரிய நன்மை அதன் பிறகும் தொடர்வது. கொன்றது போக மீதம் தண்ணீரிலேயே காவலுக்கு இருக்கும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. காலையில் குழாயைத் திறந்ததும் லேசாக மருந்து வாடை அடித்தால் முகம் சுளிக்கிறோம். எனக்கு அந்த வாடை நிம்மதி தருகிறது. தண்ணீரைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும். தண்ணீரில் உள்ள மக்கிய பொருட்களுடன் குளோரின் சேர்ந்து சில வேண்டாத சேர்மங்கள் உருவாவது உண்மை. ஆனால் அவற்றுக்குப் பயந்து கிருமி நீக்கத்தில் சமரசம் செய்யக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது.

ஆக, சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கெடுவது வழியில். நம் ஊர்களில் 24 மணி நேரமும் தண்ணீர் விடுவதில்லை. விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. எங்காவது விரிசல் இருந்து, பக்கத்தில் கழிவுநீர் கசிந்தால், அது உள்ளே இறங்கிவிடும். தெருக் குழாயிலேயே நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறார்கள். தங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, தெரு முழுவதுக்கும்.

இதையெல்லாம் தாண்டி வரும் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியில். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் கலக்கின்றன. மூடி சரியாகப் பொருந்தாது. மழைக்காலத்தில் வாசல் தண்ணீர் உள்ளே வழியும். அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குப் போகிறது. அங்கே வெயிலும் பாசியும், சில இடங்களில் புறா எச்சமும். மிச்சமிருந்த குளோரின் இந்த இரண்டு தொட்டிகளிலேயே தீர்ந்துபோகிறது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வீடு வாங்கியவர்கள் சம்ப்பின் உள்ளே கடைசியாக எப்போது எட்டிப் பார்த்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீரை இறைத்து, ஆள் வைத்துத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி விட வேண்டும்.

இனி ஃபில்டருக்கு வருவோம். ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு வேலை செய்யும் பாகங்கள் இருக்கின்றன. கார்பன் ஃபில்டர் குளோரினையும் வாடையையும் சில கரிமச் சேர்மங்களையும் பிடித்துக்கொள்ளும். யு.எஃப். என்பது மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு. பாக்டீரியாவைத் தடுக்கும், உப்பை விட்டுவிடும். யு.வி. விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, கிருமியின் மரபணு இழையில் முடிச்சுகளைப் போட்டுவிடுகிறது. கிருமியால் பெருக முடியாது. ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் துகளின் நிழலில் கிருமி தப்பிவிடும். விளக்கைத் தாண்டிய பிறகு தண்ணீருக்கு எந்தக் காவலும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் வீரியம் காலப்போக்கில் குறையும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆர்.ஓ. வேறு வகை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா? மாங்காயின் செல் சவ்வு தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. உப்பு அதிகமுள்ள பக்கம் நோக்கித் தண்ணீர் தானாகவே நகர்கிறது. இது சவ்வூடு பரவல். இதைத் தலைகீழாக்க வேண்டுமானால் உப்புள்ள பக்கத்தில் அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்போது தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வு வழியாகத் தெளிந்த பக்கம் வரும், உப்பு பின்தங்கும். இதுதான் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ், சுருக்கமாக ஆர்.ஓ. கடல் நீரிலிருந்து நன்னீரைப் பிழியக்கூடிய வேகத்தில் இது நடக்க, சரியான சவ்வு தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி அதைச் செய்து முடித்தார்கள். லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்புள்ள கடல்நீரை வெல்லப் பேரழுத்தப் பம்புகள் வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வுக்குச் சின்னப் பம்பு போதும்.

சவ்வில் தங்கும் உப்பு அங்கேயே படிந்துவிடாமல் இருக்க, அதைத் தண்ணீரோடு சேர்த்து வெளியே தள்ளியாக வேண்டும். அதனால்தான் ஒரு லிட்டர் குடிநீருக்குச் சுமார் மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அந்த நாட்களிலும் சமையலறைச் சுவர்களில் இது நடந்துகொண்டுதான் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொன்னது. வீடுகளில் எதுவும் மாறவில்லை. தென்சென்னைக்கு நெம்மேலியிலிருந்து வருவது ஏற்கெனவே ஆலையில் ஆர்.ஓ. செய்யப்பட்ட தண்ணீர். அதை வீட்டில் மறுபடியும் ஆர்.ஓ. செய்து, முக்கால்வாசியைச் சாக்கடையில் விடுவதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஆனால் ஆர்.ஓ. உயிர் காக்கும் இடங்களும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. தலைமுறைகளாகக் கறை படிந்த பற்களும் வளைந்த எலும்புகளுமாக மக்கள் அவதிப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் பயனில்லை. நீர் ஆவியாகிப் போக, ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்ட உரத்தின் நைட்ரேட் கிணறுகளில் இறங்குவதற்கும் கொதிக்க வைப்பது தீர்வாகாது. கைக்குழந்தைகளுக்கு நைட்ரேட் ஆபத்தானது. மீஞ்சூர்ப் பக்கம் போல் கடல்நீர் புகுந்த நிலத்தடி நீருக்கும் ஆர்.ஓ. தேவைதான். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சுவைக்காக என்று சில இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் வைத்திருப்பார்கள். சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. அந்தத் தண்ணீரோடு ஃபுளோரைடும் நைட்ரேட்டும் சேர்ந்தே வரும்.

அதனால், முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். டி.டி.எஸ்., கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) எல்லாம் கேளுங்கள். 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. ஏரியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வரும் குழாய்த் தண்ணீர், உப்பு குறைவு, தொட்டிகள் சுத்தம் என்றால் கொதிக்க வைப்பதே போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கு அடங்காத சில ஒட்டுண்ணிகள் உட்பட எல்லாம் போய்விடும். கேஸ் செலவு கட்டுப்படியாகாது என்றால் கார்பனும் யு.எஃப்.பும் யு.வி.யும் சேர்ந்த இயந்திரம். போர் தண்ணீர்தான் கதி, மீட்டர் 500-க்கு மேல் காட்டுகிறது, அல்லது ஆய்வில் ஃபுளோரைடோ நைட்ரேட்டோ தெரிகிறது என்றால் ஆர்.ஓ. வையுங்கள். கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். செடிக்கு வேண்டாம், உப்பு தாங்காது. கேன் தண்ணீரை மாற்றாக நினைப்பவர்கள், அதுவும் பெரும்பாலும் நிலத்தடி நீரை ஆர்.ஓ. செய்து அடைத்ததுதான் என்பதையும், அந்தக் கேன் எத்தனை வீடுகளைச் சுற்றி வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

எந்த இயந்திரம் வைத்தாலும் அதன் உள்தொட்டியை மறக்க வேண்டாம். கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிட்டதால் அங்கே தேங்கும் தண்ணீரில் கிருமி புகுந்தால் தடுக்க ஆளில்லை. ஊருக்குப் போய் நான்கைந்து நாள் கழித்துத் திரும்பினால், தொட்டியில் இருப்பதை முழுவதும் திறந்து விட்டுவிட்டு, புதிதாக நிரம்பிய பிறகு குடியுங்கள்.