இடுப்பில் தீயணைப்புக் குழாயைக் கட்டிக்கொண்டு குதித்தால் என்ன ஆகும்?

‘டை ஹார்ட்’ படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மொட்டைமாடியிலிருந்து ஹீரோ குதிக்கிறாரே, நிஜத்தில் அப்படிக் குதித்தால் பிழைக்க முடியுமா?”

1988இல் வந்த படம். பிணைக்கைதிகளைக் கீழே விரட்டிவிட்டு, வெடிக்கப்போகும் மொட்டைமாடியில் தனியாக நிற்கிறார் ஜான் மெக்லேன். தீயணைப்புக் குழாயை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு விளிம்பிலிருந்து பாய்கிறார். குழாய் வெட்டி இழுத்து நிறுத்துகிறது. ஜன்னல் கண்ணாடியைச் சுட்டு உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுகிறார். படத்தில் நகடோமி பிளாசா என்று வருவது, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள 35 மாடி ஃபாக்ஸ் பிளாசா.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆள் 80 கிலோ. குழாய் இறுகுவதற்குள் 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று மாடி, விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வேகம் நொடிக்கு 14 மீட்டர், மணிக்கு 50 கிலோமீட்டர். இதெல்லாம் பத்தாம் வகுப்புப் பாடம். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. தீயணைப்புக் குழாய் என்பது உள்ளே ரப்பர், வெளியே நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் துணி. தண்ணீர் அழுத்தத்தில் நீண்டு நெளியக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். 10 மீட்டர் குழாய் 3 சதவீதம் நீள்கிறது என்றால், நிற்கக் கிடைக்கும் தூரம் 30 சென்டிமீட்டர். சராசரி விசை 27 கிலோநியூட்டன். ஸ்பிரிங்போல நீளும் பொருளில் உச்ச விசை அதைப்போல் இரண்டு மடங்கு, 54 கிலோநியூட்டன். ஐந்தரை டன் எடையை ஒரு கணம் இடுப்பில் தொங்கவிட்டதற்குச் சமம்.

மனித உடல் எவ்வளவு தாங்கும்? மலையேறும் கயிறுகளுக்கான சர்வதேசத் தரம், 80 கிலோ எடை விழும் சோதனையில் முதல் வீழ்ச்சியின் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. அதுவும் தொடையையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் அணிந்தவருக்கு. வெறும் இடுப்பில் கட்டினால் அந்த விசை முழுவதும் வயிற்றின் மென்மையான பகுதியில் இறங்கும். கல்லீரல், மண்ணீரல் கிழியலாம். முதுகெலும்பு பின்னோக்கி மடங்கலாம். அதைத் தாண்டிப் பிழைத்தாலும், தொங்கும்போது கட்டு மேலேறி விலாவை நெருக்கி மூச்சை அடைக்கும். அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழுபவரைத் தடுத்து நிறுத்த இடுப்புப் பட்டையைப் பயன்படுத்தவே தடை.

ஆகவே, படத்தில் உள்ளபடி குதித்தால் பிழைப்பது நடக்காத காரியம். ஆனால் அதே குழாய், அதே உயரம், அதே ஆள், ஒரே ஒரு மாற்றம் இருந்தால் பிழைக்கலாம். கயிற்றில் உயிரை நம்பி வேலை செய்யும் துறையிலேயே மிக அழகான விஷயம் அதுதான்.

கிணற்றில் வாளியை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். கயிற்றைத் தொய்வாக விட்டு, வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திடீரென்று பிடித்தால் கை தோளோடு கழன்றுவிடும்போல இருக்கும். கயிறு இறுக்கமாக இருக்கும்போதே மெல்ல விட்டால் குழந்தைகூட இறக்கிவிடும். வாளியும் ஆழமும் மாறவில்லை. மாறியது தொய்வு மட்டும்.

மலையேறுபவர்கள் இதை ஒரு விகிதமாகவே வைத்திருக்கிறார்கள். விழும் தூரத்தை, அந்த வீழ்ச்சியைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் வருவது ‘ஃபால் ஃபேக்டர்’. 2 மீட்டர் கயிற்றில் 2 மீட்டர் விழுந்தால் அது 1 ஆகும். 20 மீட்டர் கயிற்றில் 20 மீட்டர் விழுந்தாலும் 1. இரண்டு வீழ்ச்சியிலும் கயிறு கொடுக்கும் உச்ச விசை ஒன்றேதான்! பத்து மடங்கு உயரத்திலிருந்து விழுபவருக்குப் பத்து மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளப் பத்து மடங்கு கயிறும் இருக்கிறது. ஒவ்வொரு மீட்டர் கயிற்றின் பங்கும் மாறவில்லை. முதல் முறை கேட்கும் யாருக்கும் நம்பிக்கை வராது. தாளில் எழுதிப் பார்த்தால் உயரம் அடிபட்டுப் போய்விடும்.

மெக்லேனின் பாய்ச்சலில் இந்த விகிதம் 1 ஆகிறது. 10 மீட்டர் குழாயில் 1 மீட்டர் மட்டும் தொய்வு இருந்திருந்தால் 0.1. விசையும் பத்தில் ஒன்றாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது வர்க்கமூலத்தில்தான் குறையும். 54 என்பது 17 கிலோநியூட்டனுக்கு வரும். இன்னும் கொல்லும் விசைதான். நீளாத கயிற்றில் ஒரு மீட்டர் தொய்வை யாரும் அலட்சியமாக எண்ணக் கூடாது. தொய்வே இல்லை என்றால்? கயிறு இறுகி நிற்க, விளிம்பில் தொங்கிவிட்டுக் கையை விடுகிறார். உச்ச விசை அவர் எடையைப்போல் சரியாக இரண்டு மடங்கு, 1.6 கிலோநியூட்டன். கயிறு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் இந்த இரண்டு மடங்கு மாறாது. வலிக்கும், உயிர் போகாது.

தொய்வைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் கயிறுதான் நீள வேண்டும். ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த உறையும் உள்நரம்பும் கொண்ட கயிறு அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே முறுக்கிய நைலான் இழைக் கொத்துகள் சுமை தாங்குகின்றன. வெளியே பின்னிய உறை உராய்விலிருந்து காக்கிறது. வீழ்ச்சியில் முறுக்கு நிமிர்கிறது, பிறகு நைலானே நீள்கிறது, இழைகள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலின் ஒரு பங்கை வெப்பமாக்குகின்றன. சோதனையில் 40 சதவீதம் வரை நீளலாம் என்று தரம் அனுமதிக்கிறது. விகிதம் 1 ஆன வீழ்ச்சியில் இந்தக் கயிறு சுமார் 7 கிலோநியூட்டனில் ஆளை நிறுத்திவிடும். பெரிய வீழ்ச்சிக்குப் பிறகு அதன் நீளும் தன்மை குறைவதால், உடனே மறுபடி அதே முனையில் விழுவது ஆபத்து.

கட்டடத் தொழிலாளர்களின் ஹார்னஸில் வேறொரு உத்தி. மடித்துத் தைத்த நாடா ஒன்று பையில் இருக்கும். விழும்போது தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஏறக்குறைய ஒரே விசையில் ஆளை நிறுத்தும். ஐரோப்பியத் தரப்படி விசை 6 கிலோநியூட்டனுக்குள், நாடா பிரியும் நீளம் 1.75 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பலர் தவறுவது எங்கே என்றால், கீழே எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்பதில். 2 மீட்டர் கயிறு, 1.75 மீட்டர் நாடா, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், பாதுகாப்புக்கு 1 மீட்டர்: கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே மொத்தம் 6.25 மீட்டர் காலி இடம் வேண்டும். முதல் மாடிச் சாரத்தில் காலடியில் கொக்கியை மாட்டினால், நாடா முழுதும் பிரிவதற்குள் தரை வந்துவிடும். தலைக்கு மேலே மாட்டினால் தொய்வும் குறையும், விழும் தூரமும் குறையும்.

நம் ஊரில் பாதி எழுந்த கட்டடங்களில் திருஷ்டி பொம்மை கட்டுவதை யாரும் மறப்பதில்லை. அதே சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஹார்னஸ் இல்லாததைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. ஆளைக் கீழே தள்ளுவது கண்ணேறு அல்ல. விழுந்தவரைப் பிடிப்பதும் பொம்மை அல்ல, அந்தத் தையல் நாடாதான்.

நிஜ மீட்புப் படையினர் மெக்லேனைப்போல் பாய்வதில்லை. 1980 மே 5 அன்று லண்டனில் பிணைக்கைதிகளை மீட்க இரான் தூதரகத்துக்குள் நுழைந்த பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படை வீரர்கள், கூரையிலிருந்து கயிற்றில் தொய்வின்றி உராய்வைப் பிடித்தே இறங்கினார்கள். அதிலும் ஒருவர் கயிற்றில் சிக்கித் தொங்கினார். ஜன்னல் வழியே வந்த தீ அவரைச் சுட்டது. இறங்குவது பாதி வேலை. கயிற்றிலிருந்து விடுபடுவது மீதி வேலை.

அந்த இரண்டாவது பாதியைப் படம் சரியாகவே காட்டுகிறது. மெக்லேன் உள்ளே விழுந்ததும் மேலே இருந்த குழாய்ச் சுருள் பெயர்ந்து கீழே போய், அவரை ஜன்னலை நோக்கி இழுக்கிறது. சுருள் 40 கிலோ என்றால் அதன் இழுவிசை 390 நியூட்டன். வழவழப்பான தரையில் உராய்வுக் கெழு 0.4 என்றால் 80 கிலோ ஆளைத் தரை பிடித்துவைக்கும் விசை 310 நியூட்டன்தான். காலடியில் கண்ணாடித் தூள் வேறு. இழுபடத்தான் செய்வார். சுமை ஏறிய முடிச்சை விரலால் அவிழ்ப்பது ஏறக்குறைய முடியாது என்பதால், கயிற்றில் வேலை செய்பவர்கள் சுமையோடு இருக்கும்போதே விடுவிக்கக்கூடிய கொக்கியையோ எட்டும் இடத்தில் ஒரு கத்தியையோ வைத்திருக்கிறார்கள்.