திருகாமல் இழுக்கும் ரைஃபிள்

இரும்புக் கதவின் தாழ்ப்பாளை எப்படிப் போடுகிறோம்? கம்பியைத் துளைக்குள் தள்ளி, அதன் பிடியைக் கீழே மடக்கிவிடுகிறோம். தள்ளுவது ஒரு வேலை, மடக்குவது இன்னொரு வேலை. மடக்காத தாழ்ப்பாள் யாராவது கதவை உலுக்கினால் நழுவிவிடும்.

போல்ட் ரைஃபிளும் இந்தத் தாழ்ப்பாள்தான். நம் ஊர்ப் போலீஸார் தோளில் பல்லாண்டுக் காலம் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ'யை நினைத்துக்கொள்ளுங்கள். என்.சி.சி.யில் .22 ரைஃபிள் பிடித்தவர்களுக்குக் கையே ஞாபகப்படுத்தும்: கைப்பிடியை மேலே தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே மடக்கு. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் இந்த நான்கு அசைவுகள். கடைசியில் மடக்கும்போது போல்ட்டில் துருத்தி நிற்கும் எஃகுப் பற்கள் திரும்பி, ரைஃபிளின் உடம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். தோட்டா வெடிக்கும்போது அது உட்கார்ந்திருக்கும் அறைக்குள் 3,000 வளிமண்டலங்களுக்கு மேல் அழுத்தம் எழுகிறது. அதைச் சுடுபவரின் முகத்துக்கு வராமல் தடுப்பவை அந்தப் பற்கள்தான்.

1880-களில் ஆஸ்திரியப் பொறியாளர் ஃபெர்டினாண்ட் மான்லிக்கருக்கு இந்த நான்கில் இரண்டு வீண் என்று தோன்றியது. அவருடைய 1886 மாடலில் தூக்குவதும் மடக்குவதும் கிடையாது. நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். சுவிட்சர்லாந்தில் ருடால்ஃப் ஷ்மிட் 1889-இல் அதே யோசனையை வேறு வழியில் செய்துகாட்டினார். நேரிழுப்பு ரைஃபிள்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

சரி, கை திருகாவிட்டால் பற்கள் எப்படித் திரும்பும்? முறுக்கிய தண்டு வைத்த தகரப் பம்பரம் விளையாடியிருக்கிறீர்களா? மேல்பிடியை நேராக அழுத்தினால் போதும், பம்பரம் சுழலும். நேர் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது தண்டில் ஓடும் முறுக்கு. ஷ்மிட்டின் ரைஃபிளில் கைப்பிடியோடு சேர்ந்த ஒரு தண்டு போல்ட்டுக்குப் பக்கத்தில் நேராக ஓடுகிறது. அதில் இருக்கும் ஒரு முளை, போல்ட் உறையில் வெட்டிய திருகுக் காடிக்குள் நகர்கிறது. கை இழுக்க, முளை காடியில் வழுக்க, உறை தானே திரும்பிப் பற்கள் விடுபடுகின்றன. மான்லிக்கரின் புகழ்பெற்ற 1895 மாடலில் போல்ட்டின் தலை மட்டும் இப்படித் திரும்பும். ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் முதல் உலகப் போரில் சுமந்தது அதைத்தான்.

இது எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் இதில் எதுவும் இலவசமில்லை. மணிக்கட்டு செய்த வேலையை உலோகத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டால் என்ன செய்வோம்? நேராக இழுத்துப் பார்ப்போம், வராது. அப்புறம் கொஞ்சம் திருகுவோம், பொசுக்கென்று வந்துவிடும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடும் ஏறக்குறைய அப்படித்தான் இறுகுகிறது. வெடிப்பின் அழுத்தத்தில் அது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால் அறை சூடாகவோ அழுக்காகவோ இருந்தால், தோட்டா கொஞ்சம் பெரிதாக இருந்தால், பிடியை விடாது. சாதாரண போல்ட்டில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சாய்தளம் போல்ட்டை நூலளவு பின்னுக்கு நெம்பிவிடுகிறது. அசைவு சிறியது, விசை பெரியது. கூடு முதலில் சுவரைவிட்டுக் கழன்றுகொள்ளும், அதன்பின் இழுப்பது சுலபம். பழைய நேரிழுப்பு ரைஃபிள்களில் இந்த நெம்புகோல் உதவி மிகக் குறைவு. கூட்டைப் பிடுங்குவது பெரும்பாலும் சுடுபவரின் தோள்பலம்தான்.

இந்தக் குறை என்ன விலை கேட்கும் என்பதைக் கனடாக்காரர்கள் 1915-இல் தெரிந்துகொண்டார்கள். போயர் போர்க் காலத்தில் பிரிட்டனிடமிருந்து லீ-என்ஃபீல்டு (நம் த்ரீ நாட் த்ரீதான்) கிடைக்காத கடுப்பில், ஸ்காட்லாந்துப் பிரபு சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்த நேரிழுப்பு ரைஃபிளைக் கனடா கியூபெக்கில் செய்ய ஆரம்பித்தது. துப்பாக்கி சுடும் போட்டிகளில் அது பிரமாதமாக நடந்துகொண்டது. நீளமான குழல், துல்லியமான குறி. கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தார்.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. எதிரே நின்ற கனடா வீரர்கள் ராஸை வேகமாகச் சுட ஆரம்பித்ததும் அவை ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு திறக்க மறுத்தன. ராஸின் அறை இறுக்கமாகக் கடையப்பட்டது. பிரிட்டிஷ் ஆலைகளில் அவசரமாகச் செய்த தோட்டாக்களோ அளவில் சற்று முன்பின் இருந்தன. லீ-என்ஃபீல்டு அவற்றை முகம் சுளிக்காமல் விழுங்கியது, ராஸ் விழுங்கவில்லை. ராஸின் பூட்டுப் பற்கள் திருகாணி மரைபோல அடுக்கடுக்கானவை. அகழியின் சேறு அந்த மரைகளுக்குள் புகுந்தது. போதாக்குறைக்கு, போல்ட்டை வேகமாகப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பல்லின் விளிம்பு தடுப்புக்கட்டையில் மோதி நசுங்கியது. நசுங்கிய பல் தன் பள்ளத்தில் நுழைய மறுத்தது. பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் போல்ட்டைத் திறந்தார்கள். இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு தங்கள் ராஸை வீசியவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

இன்னொரு அபாயமும் இருந்தது. ராஸின் போல்ட்டைக் கழற்றித் துடைத்துத் தவறாக மாட்ட முடியும். அப்படி மாட்டினால் பற்கள் பூட்டாமலேயே தோட்டா வெடிக்கும். போல்ட் பின்னால் பறந்துவரும். பிறகு ஓர் ஆணி அடித்து இதைச் சரிசெய்தார்கள். ஆனால் அதற்குள் கெட்ட பெயர் நிலைத்துவிட்டது. 1916-இல் கனடாவின் காலாட்படை லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. அதே ஆண்டு நவம்பரில் ஹியூஸின் பதவியும் போனது.

ஆனால் ராஸைக் கடைசிவரை கைவிடாதவர்களும் இருந்தார்கள். மறைந்திருந்து சுடும் குறிவீரர்கள்! தோட்டாவைப் பொறுக்கித் தேர்ந்து, ரைஃபிளைத் துணிசுற்றி வைத்து, நாளுக்குச் சில முறை மட்டும் சுட்ட அவர்களுக்கு அது தங்கமான துப்பாக்கி. ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகாமகபோ என்ற பெயர்பெற்ற குறிவீரரின் கையில் இருந்ததும் ராஸ்தான்.

அப்படியானால் சுவிஸ்காரர்கள் மட்டும் எப்படித் தப்பித்தார்கள்? அவர்கள் அகழிப் போருக்கே போகவில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதி அவர்களுடைய சுத்தம். 1911-இல் வந்த அவர்களது ஜிபி11 தோட்டா கறாரான அளவில் செய்யப்பட்டது. குண்டும் கூடும் சேருமிடத்தில் மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். 1931-இல் வந்த கே31 அந்தத் தோட்டாவைச் சுற்றிக் கட்டிய ரைஃபிள். பழைய மாடலில் பற்கள் போல்ட்டின் பின்பகுதியில் இருந்ததால் ரைஃபிளின் உடம்பு அநியாயத்துக்கு நீண்டிருந்தது. கே31-இல் பற்களை முன்னால், தோட்டாவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். இதனால் ஜெர்மனியின் மவுசர் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளுக்கு ஏறக்குறைய சமமான மொத்த நீளத்துக்குள் 65 சென்டிமீட்டர் குழல் அடங்கியது. மவுசருக்கு 60தான். இன்றும் பழைய கே31 வாங்குபவர்கள் தோளில் பதியும் கட்டை முனையில் உள்ள இரும்புத் தகட்டைக் கழற்றிப் பார்ப்பதுண்டு. அதை வைத்திருந்த வீரர் தன் பெயரையும் படைப்பிரிவையும் எழுதிச் செருகிய சீட்டு சில நேரம் உள்ளேயே இருக்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேரிழுப்பு என்றாலே இருமடங்கு வேகம் என்று நினைப்பது தவறு. லீ-என்ஃபீல்டின் கைப்பிடி கொஞ்சம் தூக்கினாலே திறந்துவிடும், இழுக்கும் தூரமும் குறைவு. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதை வைத்து நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடப் பயிற்சி பெற்றிருந்தார்கள். என் கணக்கில் நேரிழுப்பின் உண்மையான ஆதாயம் நொடிகள் அல்ல. தோளிலிருந்து ரைஃபிள் அசைவது குறைகிறது, இலக்கைவிட்டுக் கண் விலகுவதில்லை.

இன்றைய ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் இதற்குக் காசு கொடுப்பதும் அதனால்தான். ஓடும் காட்டுப்பன்றியை முதல் குண்டு தவறவிட்டால் அடுத்ததற்கு நேரம் மிகக் குறைவு. ஜெர்மனியின் பிளேசர் நிறுவனம் 1993-இல் பற்களையே விட்டுவிட்டது. போல்ட் தலையைச் சுற்றியுள்ள ஒரு பிளவுவளையம் விரிந்து, குழலுக்குள் சுற்றிலும் வெட்டிய பள்ளத்தில் அமர்கிறது. கைப்பிடியையும் சற்றுச் சாயும்படி வைத்தார்கள். இழுப்பு தொடங்கும்போது அதுவே சிறு நெம்புகோல் ஆகிறது. பழைய குறைக்குப் பாதி மருந்து. அவ்வளவு நுணுக்கமாக எஃகைக் கடைந்தால் விலை ஏறத்தானே செய்யும்!

பிரிட்டனில் காரணம் வேறு. 1987-இல் ஹங்கர்ஃபோர்டு ஊரில் நடந்த துப்பாக்கிப் படுகொலைக்குப் பின் அடுத்த ஆண்டே, தானே தோட்டா ஏற்றும் ரைஃபிள்களில் .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா ரகத்தைத் தவிர மற்றவற்றைத் தடைசெய்தார்கள். பிறகு ஏ.ஆர். என்ற அமெரிக்க ரக ரைஃபிள்களிலிருந்து, வெடிப்பின் வாயுவே போல்ட்டை இழுக்கும் ஏற்பாட்டை நீக்கி, பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்துக் கையால் இழுக்க ஆரம்பித்தார்கள். வாயு பிடுங்கவேண்டிய கூட்டைக் கை பிடுங்குகிறது. எஃகுக் கூடுள்ள மலிவுத் தோட்டா போட்டால் அங்கேயும் டம்ளர் கதைதான்.

டம்ளர் இறுகாத இடம் ஒன்று இருக்கிறது: பயத்லான். பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து, 50 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்குகளில் ஐந்து குண்டுகள் சுடும் போட்டி. தானே தோட்டா ஏற்றும் ரைஃபிளுக்கு அனுமதி இல்லை. 1978 முதல் அங்கே .22 தோட்டாதான். அதன் அழுத்தம் போர்த் தோட்டாவின் பாதி அளவே, கூடும் குட்டி. பிடுங்கப் பலமே வேண்டாம். 1980-களில் பீட்டர் ஃபோர்ட்னர் செய்த போல்ட்டில் எஃகு உருண்டைகள் வெளியே பிதுங்கிப் பூட்டுகின்றன. ரஷ்ய ரைஃபிளில் முழங்கால்போல மடங்கும் ஒரு மூட்டு. கட்டையைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கிறது. ஆள்காட்டி விரல் பின்னால் கொக்கிபோட்டு இழுக்கிறது, கட்டைவிரல் முன்னால் தள்ளுகிறது, அடுத்த கறுப்பு வட்டம் வெள்ளையாகிறது.