கிரவுட்சோர்சிங்: கூட்டமா, மொய்யா?

வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் நடுவே ஒரு கரையில் எனக்கு மாமா முறையாகிற ஒருவர் இருக்கிறார். கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர். போன வருஷம் அவர் வாடிக் கொட்டகையில் உட்கார்ந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் அந்த ஊர்ச் சந்துகளையும் கிணறுகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தேன். வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"யாரு கம்பெனி மாப்ள?"

"கம்பெனி இல்ல மாமா. யாரு வேணும்னாலும் வரையலாம். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"சம்பளம்?"

"கிடையாது."

"அப்ப இதுல உனக்கு என்ன பங்கு?"

பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், முன்பின் தெரியாத பலர் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து ஒரு வேலையை முடிக்கிற கிரவுட்சோர்சிங் என்ற சொல்லை இழுக்க வேண்டியிருக்கும். அதை அவருக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடன் இப்போது இங்கே தீர்கிறது.

கூட்டம் என்று பொருள்படும் 'கிரவுட்', வேலையை வெளியே கொடுத்துச் செய்துவாங்குகிற 'அவுட்சோர்சிங்' இரண்டையும் ஒட்டவைத்த சொல் இது. ஜெஃப் ஹவ் என்ற பத்திரிகையாளர் 2006 ஜூன் மாத 'வயர்ட்' இதழில் எழுதி ஊரறியச் செய்தார். அவர் முதலில் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஐஸ்டாக்போட்டோ. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் அங்கே சொற்ப விலைக்குப் படங்களைக் கொடுக்க, அதையே தொழிலாக வைத்திருந்தவர்களின் வியாபாரம் படுத்துவிட்டது. பிறந்த வீட்டு வாசனை இன்னும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை. அது வேலை வாங்குகிறவன் இருக்கையிலிருந்து பார்த்து வைத்த பெயர். அங்கிருந்து பார்த்தால் எதிரே தெரிவது கூட்டம்தான். அதில் நிற்கிற ஆளுக்கு முகம் கிடையாது.

காரியம் சொல்லைவிட மிகப் பழையது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே 1879இல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகம் படிக்கிறவர்கள், ஒரு சொல் எங்கே எப்படி வருகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. அகராதி 1928இல்தான் முடிந்தது. அதற்குள் மரே இறந்து 13 வருஷம் ஆகியிருந்தது.

தமிழுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கூட்டமூலம்', 'திரள்மூலம்' என்றுதான் வரும். இரண்டும் சரியில்லை. அவுட்சோர்சிங்கில் உள்ள 'சோர்ஸ்' ஊற்றுக்கண் அல்ல, கொள்முதல். 'மூலம்' என்று போட்டால் பொருள் தடம் மாறிவிடுகிறது. தவிர, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'மூலம்' என்றால் என்ன விளம்பரம் என்று எல்லாருக்கும் தெரியும். 'கூட்டம்' இன்னும் மோசம். நம் பேச்சில் கூட்டம் என்றால் ஒன்று மீட்டிங், இல்லையென்றால் போலீஸ்காரர் கலைக்கச் சொல்வது. பஸ்ஸில் கூட்டம், ரேஷன் கடையில் கூட்டம். ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆட்கள் என்ற பொருள் அதில் எங்கும் ஒட்டவில்லை.

ஒட்டுகிற சொல் நம் எல்லார் வீட்டு பீரோவிலும் இருக்கிறது: மொய்.

கல்யாணத்தில் எழுதுகிற அதே மொய்தான். ஆனால் அதன் முதல் பொருள் பணமில்லை. ஈ மொய்க்கிறது என்கிறோமே, அந்த 'மொய்'. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் நெருங்குகை, கூட்டம், போர், வலிமை என்று பொருள்கள் அடுக்கியிருக்கின்றன. அவற்றோடுதான் விசேஷ வீட்டில் கொடுக்கிற பணமும் வருகிறது. கூடுவதும் கொடுப்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லை ஒட்டியும் கிடைக்காதது நமக்கு ஓரெழுத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது.

மொய் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மண்டப வாசலில் ஒரு மேஜை. கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் நோட்டும் பேனாவுமாக. பக்கத்தில் பணம் எண்ணுகிற நம்பிக்கையான சொந்தக்காரர். கொடுக்கிறவர் ஊரைச் சொல்கிறார், பேரைச் சொல்கிறார், தொகையைச் சொல்கிறார். மைக்கில் அது ஊருக்கே கேட்கிறது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கையில் ரசீதும் கொடுக்கிறார்கள். 'சாயல்குடி' என்று போட வேண்டிய இடத்தில் 'கமுதி' என்று போட்டுவிட்டால், பந்திக்குப் போன மனுஷன் பாதியில் எழுந்து வந்து திருத்தச் சொல்வார். 101 ரூபாய் எழுதியவர்கூட. நோட்டு பத்திரமாக இருக்கும். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டில் காதுகுத்து என்றால், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

கொடுப்பது சுலபம், கொடுத்தவர் பேர் நிற்கும், கணக்கு திறந்த கணக்கு. பயனர்கள் சேர்ந்து கட்டுகிற தளங்களில் நிலைத்து நிற்பவற்றைப் பார்த்தால் இந்த நோட்டு எங்கேயாவது இருக்கும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அதில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் 'வரலாறு' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரு கமாவை மாற்றியவர் பேர்கூட, தேதி நேரத்தோடு, அங்கே இருக்கும். 1998 பொங்கலை ஒட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் அழகு. பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வலையேற்றுகிற முயற்சி அது. நூலுக்குள் போகும் முன்பே, தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று எழுதியிருக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மைக் சத்தம் கேட்கும்.

ஆனால் மொய் முழுப் பதில் ஆகாது. மொய் ஒரு கடன். நான் உங்கள் வீட்டில் எழுதியதை நீங்கள் என் வீட்டில் எழுத வேண்டும். விக்கிப்பீடியாவில் நான் எழுதியதற்கு எதிர்மொய் எழுத யாரும் வரப்போவதில்லை. அங்கேதான் மாமா கேட்ட 'பங்கு' வருகிறது.

பங்கு என்ற சொல்லை 'பகு' என்ற வேரோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். பகுதி, பகிர்வு எல்லாம் அந்தக் குடும்பம். அதிலிருந்து செய்த 'பங்களிப்பு' இன்று எங்கும் புழங்குகிற சொல். ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பங்களிப்பில் பங்கு என்பது நான் கொடுப்பது. கரையில் பங்கு என்பது எனக்குக் கிடைப்பது. எழுத்துத் தமிழ் வாங்குவதை மறந்துவிட்டது. கரைக்காரர் மறக்கவில்லை.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று விளங்கும். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து மறுநுனியைத் தள்ளி ஓரிடத்தில் சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி இழுப்பார்கள். மீன் சேர்ந்து நிற்கிற மடி கரையேற நேரமாகும். இடையில் சும்மா நடந்து வருகிறவன் கயிற்றைப் பிடித்தால் யாரும் யார் நீ என்று கேட்பதில்லை. சின்ன வயதில் நானும் பிடித்திருக்கிறேன். என் இழுப்பில் வலை ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. ஆனாலும் மடியை அவிழ்த்ததும் ஒரு கை காரலோ சூடையோ என் சட்டையில் விழும். பெரியவர்களுக்குக் கிடைத்த மீனைப் பார்த்துப் பங்கு பிரிப்பார்கள். செலவு கழித்து வலைக்கு, வள்ளத்துக்கு, ஆளுக்கு என்று. விகிதம் கரைக்குக் கரை மாறும்.

இந்த ஒரு கை மீனைக் கண்டுபிடிக்காத தளங்கள் தடுமாறின. ஈபேர்டு நல்ல சாட்சி. பறவை பார்ப்பவர்கள் எங்கே எதை எத்தனை பார்த்தோம் என்று பதிவு செய்கிற தளம் அது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002இல் தொடங்கின. அறிவியலுக்கு உதவுங்கள் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், ஆனால் பதிவுகள் மந்தமாகவே வந்தன. சில வருஷம் கழித்துப் பேச்சை மாற்றினார்கள். உங்கள் பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ளலாம், வாழ்நாளில் எத்தனை வகை பார்த்தீர்கள் என்று எண்ணிக் காட்டுவோம், மற்றவர்களோடு ஒப்பிடலாம் என்றார்கள். அதன்பிறகு பதிவுகள் குவிந்தன. இன்று தனுஷ்கோடியில் பூநாரை பார்த்தவர், சித்திரங்குடியில் கூழைக்கடா பார்த்தவர், எல்லாரும் தம் பட்டியலுக்காகத்தான் எழுதுகிறார்கள். அறிவியலுக்குப் போவது அதன் பின்னால் தானாகப் போகிறது.

அப்படியானால் பங்கு என்பது காசா? கூகுள் அப்படித்தான் நினைத்தது. நோல் என்ற கலைக்களஞ்சியத்தை 2008இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. கட்டுரைக்கு எழுதியவரே சொந்தக்காரர். விளம்பர வருமானத்திலும் பங்கு கிடைக்கும். 2012இல் மூடிவிட்டார்கள். ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதலாம் என்பதால் ஆளுக்கொரு தூண்டில் போட்டு உட்கார்ந்தார்கள் என்பது என் கணிப்பு. இழுக்க ஒரே கயிறு அங்கே இல்லை.

கயிறு இருந்தும் அதைத் தொட விடாமல் கெட்டுப்போனது நூபீடியா, விக்கிப்பீடியாவுக்கு மூத்தது. கட்டுரை ஏழு கட்டப் பரிசோதனை தாண்டித்தான் வெளியே வரும். முதல் வருஷத்தில் தேறியவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15 அன்று, யார் வேண்டுமானாலும் உடனே எழுதலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். முதல் வருஷத்தில் சுமார் 18,000. அந்த 'விக்கி' ஹவாய் மொழிச் சொல்; வேகமாக என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸைப் பார்த்து முதல் விக்கித் தளத்தை உருவாக்கிய வார்டு கன்னிங்காம் 1995இல் தன் தளத்துக்கு அந்தப் பேரை வைத்தார். நம் காதில் விழுவது என்னவோ விக்கல்தான்.

யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றால் சண்டை வராதா? வரும். பங்கு உள்ளவன்தானே பங்காளி. விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களில் ஓர் ஊர்ப்பெயருக்கு ஒற்று மிகுமா மிகாதா என்று நடக்கிற வழக்குகள் சுத்தமான பங்காளிச் சண்டை. வரப்பு அளவு சின்னதானால் சத்தம் பெரிது. அதனால் ஊர்க்கட்டு வேண்டும். கரையில் எந்த வலை எப்போது இறங்குவது என்று முறை வைத்திருப்பார்கள். இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. எடுத்துக் கொடுக்கிறவரின் கை மற்றவர்கள் கையைவிடப் பலமானது என்பதில்லை, எல்லார் இழுப்பும் ஒரே நேரத்தில் விழுவதற்கு அவர் குரல் வேண்டும். தளங்களில் நிர்வாகி என்று சொல்லப்படுகிறவர் இந்த ஆளாக இருக்கிற வரைக்கும் நல்லது. அவர் சம்மாட்டி ஆக நினைத்தால் இழுக்கிறவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இழுக்காமல் நிற்கிறவர்கள்தான் எப்போதும் அதிகம். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2006இல் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்: நூறு பேரில் 90 பேர் பார்ப்பார்கள், 9 பேர் எப்போதாவது கை வைப்பார்கள், ஒருவர்தான் சதா உழைப்பவர். அந்தத் தொண்ணூறு பேரைக் குறை சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. கரையில் வேடிக்கை பார்ப்பவர்தான் மீனும் வாங்குகிறார்.

சரி, சொல். 'மொய்' கையில் இருக்கிறது. இன்னொரு பாதிக்கு 'திரட்டு' போதும். பலர் சொன்னதை ஓரிடத்தில் சேர்ப்பதற்குத் தமிழில் நெடுங்காலமாக உள்ள பேர் அது. ராமநாதபுரத்துக்காரனுக்கு அதில் உரிமையும் உண்டு. இங்கே சமஸ்தானத்தில் இருந்த பொன்னுசாமித் தேவர் கேட்டுக்கொண்டுதான் சந்திரசேகர கவிராச பண்டிதர் 'தனிப்பாடல் திரட்டு' தொகுத்தார். வாய்வாயாக அலைந்த பாட்டுகள் அப்படித்தான் ஏட்டில் தங்கின. ஆக கிரவுட்சோர்சிங் என்பதற்கு 'மொய்த்திரட்டு' என்பேன். மெய்ப்பொருள் போல, யகர மெய்க்குப் பின் ஒற்று மிகும். மொய்திரட்டு என்று எழுதினால் மொய்ப்பணத்தைத் திரட்டிக்கொண்டு ஓடியவன் கதை போல இருக்கும். 'பறவைக் கணக்கெடுப்பை மொய்த்திரட்டாக நடத்துகிறார்கள்', 'இது மொய்த்திரட்டு வரைபடம்' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடுக்காது. பணம் திரட்டுகிற கிரவுட்ஃபண்டிங்குக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. அது மொய். பங்களிப்பாளரைப் பங்காளி என்று கூப்பிடலாம் என்பது என் ஆசை. எங்கள் பக்கம் நண்பனையே அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

அன்றைக்கு மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் பேச்சை விட்டுவிட்டு போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார்.

"இது என்ன?"

"கெணறு மாமா."

"கெணறுன்னா? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? வெறுங்கெணறுன்னு போட்டா வெளியூர்க்காரன் குடிச்சுப் பாத்துட்டு நம்ம ஊரைத்தான வைவான்?"

குடிக்க ஆகும், ஆகாது என்று குறிக்கவும் அந்த வரைபடத்தில் வசதி உண்டு. மிதப்பைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே நடந்தார். ஏழு கிணறு. மூன்றுதான் நல்ல தண்ணீர். ஒவ்வொன்றிலும் நான் குறித்து முடிக்கும்வரை நின்று, சரியாகப் போட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். மறுவாரம் காலை ஆறு மணிக்குப் போன்.

"மாப்ள, உப்பளத்துக்குப் போற வழியில ஒண்ணை விட்டுட்டோம்."