எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், பிள்ளைக்கு மட்டும் பாருங்க

கண் டாக்டரா இருக்கறதால இந்த வார்த்தைய நான் தெனமும் கேக்குறேன். பிள்ளைக்கு பவர் பாக்க கூட்டிட்டு வருவாங்க, ஃபார்ம் குடுத்தா கைய தள்ளி வச்சு கண்ண சுருக்கிகிட்டு படிப்பாங்க, சில அம்மாங்க பைக்குள்ள துழாவி ஒரு கண்ணாடிய எடுப்பாங்க பாருங்க, அது வீட்டுக்காரரோட பழைய கண்ணாடி, ஒரு காம்புல நூல் சுத்தியிருக்கும். 40 தாண்டினா கிட்ட இருக்கற எழுத்து மங்கத்தான் செய்யும், அதுக்கு சரியான கண்ணாடி போடலன்னா தலைவலி வரும், கண்ணு ஒண்ணும் கெட்டுப் போயிடாது. அதனால அதுக்கெல்லாம் நான் ரொம்ப திட்டறதில்ல.

ஆனா போன வருஷம் ஒருத்தர் காலேஜ் படிக்கற பொண்ணோட வந்தார். பொண்ணுக்கு செக் பண்ணி முடிச்சு எழுந்திருக்கும்போது பக்கத்துல இருந்த ஸ்டூல்ல இடிச்சிகிட்டார். அது நல்லா வெளிச்சமான ரூம். எனக்கு சுருக்குன்னுச்சு, உக்காருங்கன்னேன், "ஐயோ எனக்கெதுக்கு"ன்னார், விடல. கண் பிரஷர் 32. சாதாரணமா 10ல இருந்து 21க்குள்ள இருக்கணும். கண்ணுல இருந்து மூளைக்கு போற நரம்பும் நல்லா தேஞ்சு போயிருந்துச்சு. க்ளாக்கோமா, அந்த நரம்பு தேஞ்சு கொஞ்சம் கொஞ்சமா பார்வை போற வியாதி.

தோண்டி கேட்டா, மூணு வருஷம் முன்னாடியே வேற ஒரு டாக்டர் சொல்லி சொட்டு மருந்து குடுத்திருக்கார். ரெண்டு பாட்டில் போட்டிருக்கார், அப்புறம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்ற நேரம், வலி ஒண்ணும் இல்லையேன்னு விட்டுட்டார். வீட்ல யாருக்கும் தெரியாது. "அப்பா நைட்ல வண்டி ஓட்றதே இல்ல, நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவாரு"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டு அப்படியே நிறுத்திட்டா.

இத தியாகம்னு சொல்றதா பிடிவாதம்னு சொல்றதா எனக்கு தெரியல, ரெண்டும்தான். ஆனா இந்த வியாதிக்கு அதெல்லாம் தெரியாதே. பெரும்பாலும் வலியே இருக்காது, பக்கவாட்டு பார்வை மொதல்ல போகும், நேரா பாக்கறது கடைசி வரைக்கும் தெளிவா இருக்கறதால ஆளுக்கே தெரியாது. போன பார்வை எந்த ஆபரேஷன்லயும் திரும்பாது, இருக்கறத காப்பாத்தத்தான் சொட்டு மருந்து, அத நிறுத்தினா பிரஷர் திரும்ப ஏறிடும். பிரஷர் நார்மலா இருந்தும் இது வர்றவங்க இருக்காங்க, அதனால 40க்கு மேல நரம்பையும் சேத்து பாக்க சொல்லுங்க. சுகர் இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவ விழித்திரையும் பாக்கணும், அதுவும் சத்தமில்லாம வர்ற கேஸ்தான்.

இன்னொண்ணு, அப்பா அம்மாவுக்கு க்ளாக்கோமா இருந்தா பிள்ளைங்களுக்கும் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. அந்த மனுஷன் பொண்ணுக்காக மறைச்சது பொண்ணுக்கு தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். இத சொன்னதும்தான் அவர் மொகம் மாறுச்சு, தன் பிரஷர் 32ன்னு சொன்னப்ப கூட மாறல.

பொண்ணுக்கும் பாத்தோம், பிரஷர் 15. சரின்னு தலைய ஆட்டிட்டு, மருந்து சீட்ட அப்பா கையில இருந்து வாங்கி, எத்தன மணிக்கு போடணும்னு கேட்டு போன்ல அலாரம் வச்சா. அவர் உடனே "எனக்கு ஞாபகம் இருக்கும்மா"ன்னார். அவ நம்பல.